பட்டைச் சாயத்தில் ஆறு ஸ்வெட்டர்

"தேசப் பாதுகாப்புப் பணியில் மாயாபந்தர் மகளிரின் பங்காக, எல்லைப்புற வீரர்களுக்கென ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் தனியொருவராகப் பின்னி முடித்து நல்ல நிலையில் ஒப்படைத்தவரும், பின்னற்கலையில் நீண்ட பயிற்சி உடையவரும், பிறருக்காகப் பழியேற்கும் பெருந்தன்மை வாய்ந்தவருமான திருமதி ஆரோக்கியசெல்வி லூர்துநாதன் அவர்களைப் பாராட்டி வழங்கப்படுகிறது."

மாயாபந்தரில் படகுப் பட்டறைத் தச்சர் லூர்துநாதனின் வீட்டில், மாதா படத்துக்கும் காலண்டருக்கும் நடுவே கண்ணாடி போட்டுத் தொங்கிய இந்தத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. ஆரோக்கியசெல்விக்கு ஆங்கிலம் தெரியாது. யாரோ ஒருமுறை தமிழில் சொல்லிக் கேட்டதிலிருந்து, தெரியாமலே இருந்திருக்கலாம் என்றுதான் நினைத்தாள். தனியொருவர் என்பது பொய். நீண்ட பயிற்சி என்பது ஒரு தை மாதத்தில் தொடங்கி மாசியில் முடிந்தது. பெருந்தன்மையைப் பற்றிப் பின்னால் பார்க்கலாம். அந்தத் தாளில் முழு உண்மை என்று சொல்லத்தக்கது "நல்ல நிலையில்" என்ற இரண்டு வார்த்தைதான். அவளை அதிகம் சுட்டதும் அந்த இரண்டு வார்த்தைதான்.

சீனச் சண்டை ஓய்ந்த மறு தையில், போர்ட் பிளேரிலிருந்து வந்த லாஞ்சில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மூட்டை கம்பளி நூல் வந்தது. பனியில் நிற்கும் ஜவான்களுக்கு மாயாபந்தர் பெண்கள் ஸ்வெட்டர் பின்னித் தரவேண்டுமாம். பனி என்றால் அந்த ஊரில் விடியற்காலை புல்லின் மேல் இருப்பது. குளிர் என்றால் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போகும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வது. ஸ்வெட்டர் வைத்திருந்தவர் ஊரில் ஒரே ஒருவர், கல்கத்தாவிலிருந்து மாற்றலாகி வந்த கம்பவுண்டர். அவரும் அதைப் பெட்டிக்குள் பாச்சா உருண்டையோடு வைத்திருந்தார். அது மாதிரிக்காக வீடு வீடாகப் போய்விட்டு வந்தது. போய்வந்த வீடுகளில் எல்லாரும் அதை ஒருமுறை மாட்டிப் பார்த்து, வேர்த்து, கழற்றிக் கொடுத்தார்கள்.

மாதர் குழுவுக்குச் செயலாளர் சந்திரமதி. வனத்துறை கிளார்க்கின் மனைவி, கும்பகோணத்துக்காரி, பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகளிடம் முறையாகப் பின்னல் படித்தவள். ஞானஸ்நானம் பெற்ற ஆரோக்கியசெல்வியோ ஒரு கன்னியாஸ்திரியிடமும் எதுவும் படித்ததில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் அப்பனோடு உட்கார்ந்து வலைதான் முடிந்திருந்தாள். கூட்டத்தில் வங்காளிப் பெண்கள் நூல் வாங்கினார்கள், மலையாளிப் பெண் வாங்கினாள், தெலுங்குக்காரி இரண்டு கண்டு கூடுதலாகக் கேட்டாள். சும்மா உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்ததால் செல்வியும் கையை நீட்டிவிட்டாள்.

ஊசிகள் எல்லாருக்கும் போதவில்லை. லூர்துநாதன் படகுக்கு வாங்கிய படாக் மரத்தில் மிஞ்சிய துண்டைச் சீவி, தேய்த்து, மனைவிக்கு இரண்டு ஊசி செய்து கொடுத்தார். ஊசி அருமையாக இருந்தது. கைதான் கெடுத்தது. வலையில் முடிச்சு இறுகாவிட்டால் மீன் நழுவிவிடும். இறுக்கி இறுக்கியே பழகிய விரல்கள் கம்பளியையும் இறுக்கின. அடுத்த வரிசைக்கு ஊசி நுழைய இடமிருக்காது. பிரித்து மறுபடி போடுவாள்.

"மூச்சு விட இடம் கொடு செல்வி. இது ஜவான் போட்டுக்கிறது, சுறா பிடிக்கிறதில்லை" என்பாள் சந்திரமதி.

"விட்டுத்தான் பாக்கேன் அக்கா. கை கேக்கமாட்டேங்கு."

மாசி பாதியில் மற்ற ஆறு பேரின் ஸ்வெட்டர்களும் முடிந்துவிட்டன. பாசிப்பச்சை நிறத்தில், மெத்தென்று, கம்பவுண்டருடையதைவிட நேர்த்தியாக. சந்திரமதியுடையதில் கழுத்தைச் சுற்றி இலைக்கொடி போல ஒரு பின்னல் ஓடியது. அது அரசாங்கம் கேட்டதில்லை, அவளே சேர்த்தது. செல்வியுடையதில் முன்பக்கமும் பின்பக்கமும் முடிந்திருந்தன. கைகளும் கழுத்தும் பாக்கி.

போர்ட் பிளேரில் ஒப்படைக்க இரண்டு பேர் போவதென்று முடிவாயிற்று. சந்திரமதி, செயலாளர் என்பதால். செல்வி, லாஞ்சு ஓட்டும் செராங் செபஸ்தியான் அவளுடைய ஊர்க்காரர், நிழலில் இடம் தருவார் என்பதால். அவள் வீடு படகுத்துறை ஜெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்ததால் ஆறு ஸ்வெட்டரும் முந்தின நாளே அவளிடம் வந்து சேர்ந்தன. "பத்திரம்" என்று சந்திரமதி சொல்லிவிட்டுப் போனாள். வினை அந்தச் சொல்லில்தான் தொடங்கியது.

பத்திரம் என்றால் செல்வியின் வீட்டில் ஒரே அர்த்தம்தான். புது வலை எதுவும் பட்டைச் சாயம் காணாமல் கடலுக்குப் போனதில்லை. கண்டல் மரப்பட்டையை இடித்து, அண்டாவில் கொதிக்கவைத்து, செக்கச்செவேலென்று வரும் சாற்றில் வலையைப் போட்டு எடுத்துக் காயவைத்தால் நூல் உளுக்காது, அழுகாது. சாயம் போடாத வலை ஒரு மழைக்கு நார் நாராகப் போவதை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். மாயாபந்தர் ஈரத்தில் பெட்டிக்குள் வைத்த சேலையே பூஞ்சை பிடிக்கிறது. ஜவான்களோ மாதக்கணக்கில் பனியில் நிற்கப்போகிறவர்கள். பனி என்பது தண்ணீர்தானே. கழுத்தில் இலைக்கொடி போடத் தெரிந்தவர்களுக்கு இது தோன்றவில்லையே என்று அவள் ஆச்சரியப்பட்டாள். எல்லாரும் முடித்துவிட்டார்கள், தான் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்ற கூச்சமும் உள்ளே இருந்தது. பின்னலில் கொடுக்க முடியாததைச் சாயத்தில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்குக் கேட்கவேண்டுமா என்ன.

மதியம் கொல்லையில் அண்டா கொதித்தது. ஆறும் உள்ளே போயின. அவளுடையது ஊசியில் இருந்தது; ஊசியில் இருப்பதைச் சாயம் போடுகிற வழக்கமில்லை.

வெயில் சாயும் நேரத்தில் கம்பால் தூக்கினாள். முதலில் வந்தது சின்னதாகத் தெரிந்தது. நீராவியில் அப்படித் தெரிகிறதென்று நினைத்தாள். கொடியில் போட்டாள். இரண்டாவதும் அதே அளவு. இழுத்துப் பார்த்தாள், இழுபடவில்லை. கண்ணி என்று ஒன்று எங்கும் இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, தேங்காய்மட்டை நிறத்தில், கனத்துப்போய், கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றது. சந்திரமதியின் இலைக்கொடி இருந்த இடத்தில் ஒரு தடிப்பு மட்டும் இருந்தது.

பட்டறையிலிருந்து வந்த லூர்துநாதன் கொடியைப் பார்த்தார்.

"ஏட்டி, யாரு புள்ளையளுக்கு இதெல்லாம்?"

அவள் சொன்னாள். அவர் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒன்றை எடுத்துத் தம் நெஞ்சின்மேல் வைத்துப் பார்த்தார். நெஞ்சில் பாதிகூட மறையவில்லை.

"சரி, கடல்தண்ணி பட்டுட்டுன்னு சொல்லு. லாஞ்சில தண்ணி அடிக்காத நாளு உண்டுமா? யாரு கேக்கப்போறா."

"தவக்காலத்துல பொய் சொல்லச் சொல்லுதியளா?"

"ஈஸ்டர் கழிச்சுச் சொல்லுன்னு சொல்லலாம். லாஞ்சு அதுவரைக்கும் நிக்காதே."

காலையில் ஆறையும் ஒரு வேட்டியில் வைத்து, முடிச்சின்மேல் முடிச்சாகக் கட்டினாள். இறுக்கும் கைக்கு அன்றைக்கு நல்ல வேலை கிடைத்தது. தன்னுடைய பாதி ஸ்வெட்டரை வேறொரு பையில் எடுத்துக்கொண்டாள். போர்ட் பிளேர் போய்ச் சேருவதற்குள் அதையாவது முடித்துவிட்டால், ஊரின் மானத்துக்கு ஒன்று மிஞ்சும். அதற்குள் சந்திரமதியிடம் உண்மையைச் சொல்லிவிடவும் வேண்டும். இரண்டில் முதலாவதை உடனே தொடங்கினாள்.

மாசிக் கடல் துணி விரித்த மாதிரி கிடந்தது. கரையில் இலவ மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்பாக நின்றன. நாட்காட்டிப்படி அது இளவேனிலின் வாசல். ஸ்வெட்டர்கள் மெயின்லேண்டு போய், ரயிலேறி, மலையேறி ஜவானிடம் சேரும்போது அங்கே வெயில் அடிக்கும் என்பது குழுவில் யாருக்கும் தோன்றாமலில்லை. சொல்லத்தான் யாரும் துணியவில்லை.

செபஸ்தியான் அவர்களுக்குச் சுக்கான் அறைக்குப் பின்னால் தார்ப்பாய் நிழலில் இடம் போட்டுக் கொடுத்தார். மூட்டையைச் செல்வி தன் முதுகுக்குப் பின்னால் வைத்து, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அதென்ன தங்கச்சி, தலகாணியா?"

"மால் அண்ணாச்சி. சர்க்காரு மால்."

"அப்ப நனையாம பாத்துக்க. நனைஞ்சா என் தலையிலதான் விடியும்."

அவள் ஒரு கண்ணியைத் தவறவிட்டாள்.

சந்திரமதிக்கு வாயெல்லாம் சந்தோஷம். போர்ட் பிளேர் குழுவின் தலைவியம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்களாம். ரங்கத் என்ற பக்கத்து ஊரிலிருந்து மூன்றுதான் வருகிறதாம். மாயாபந்தரிலிருந்து ஆறு, செல்வி முடித்தால் ஏழு. "மூட்டையைக் கொஞ்சம் எடு செல்வி, இன்னொரு தரம் மடிச்சு வச்சிடலாம்" என்றாள்.

"உப்புக்காத்து அக்கா. பிசுபிசுத்துரும்."

மறுபடி கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "கட்டுனது அவுக்க வராது அக்கா, நான் கட்டுனது" என்றாள் செல்வி. இதாவது உண்மை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோதெல்லாம் சந்திரமதி முந்திக்கொண்டு எதையாவது பாராட்டினாள். தலை நிமிராமல் பின்னுகிறாயே என்றாள். கை இப்போதுதான் இளகியிருக்கிறது என்றாள். அதுவும் நிஜம்தான். பயத்தில் கையிலிருந்து உயிர் போய்விட்டிருந்ததால், அது வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் இறுக்கவில்லை. வரிசைகள் மளமளவென்று ஏறின. பட்டறை வீட்டில் வாரக்கணக்கில் வராத பின்னல், குற்றம் செய்தபின் லாஞ்சில் தானாக வந்தது.

"நகமெல்லாம் சிவந்திருக்கே, மருதாணியா?"

சாயம். அண்டாவில் கைவிட்டுத் துழாவிய சாயம். தவக்காலத்தில் எந்தக் கடற்கரைப் பெண் மருதாணி வைப்பாள் என்பது கும்பகோணத்துக்காரிக்குத் தெரியாது.

"ஆமாக்கா" என்றாள் செல்வி. புருஷன் சொல்லச் சொன்ன பொய்யை மறுத்துவிட்டு, அதைவிட அற்பமான ஒன்றைத் தானாகவே சொன்னாள்.

அன்று சாயங்காலம் லாஞ்சு இரவுத் தங்கலுக்கு லாங் ஐலண்டில் நின்றது. மறுநாள் புறப்பட்டபோது ஒரு கை முடிந்திருந்தது, இரண்டாவது கை தொடங்கவேயில்லை. சந்திரமதி பார்த்தாள். தன் பையிலிருந்து கம்பி ஊசிகளை எடுத்தாள்.

"கழுத்தை நீ போடு. இந்தக் கையை நான் போடறேன். ஒரே ஸ்வெட்டர், ரெண்டு பேர் பின்னினா ஜவானுக்குத் தெரியவா போகுது."

"வேண்டாம் அக்கா. நீங்க உங்களது முடிச்சுட்டிய."

"என்னோடது மூட்டையில பத்திரமா இருக்கு, போ. குடு இங்க."

செல்வி கொடுத்தாள். மதியம் வரைக்கும் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து பின்னினார்கள். சந்திரமதி, பாழாய்ப்போன தன் ஸ்வெட்டர்மேல் சாய்ந்திருந்தவளுக்குக் கை பின்னிக் கொடுத்தாள். அதைப் பார்க்க முடியாமல் செல்வி கடலைப் பார்த்தாள். கடலில் பார்க்க ஒன்றும் இல்லை. செபஸ்தியான் சுக்கானிலிருந்து திரும்பி, "ரெண்டு பேரும் ஒரே சட்டைக்கா அடிச்சுக்கிடுதிய" என்று கேட்டுவிட்டுப் போனார். போர்ட் பிளேர் கண்ணுக்குத் தெரிந்தபோது கடைசிக் கண்ணி அடைபட்டது.

சொல்லவேண்டியது மட்டும் சொல்லாமல் இருந்தது.

அபர்தீன் பஜாரை ஒட்டிய ஒரு கூடத்தில் மேஜைமேல் ரங்கத்து மூன்றும் மற்ற ஊர்களுடையதும் அடுக்கியிருந்தன. தலைவியம்மா ஒரு அதிகாரியின் மனைவி, வடக்கே பிறந்தவர், அந்தக் கூடத்தில் நிஜப் பனியைப் பார்த்த ஒரே ஆள். செல்வியின் முடிச்சுகளை அவிழ்க்க முடியாமல் கத்திரிக்கோல் கொண்டுவரச் சொன்னார். வேட்டி விரிந்தது.

ஆறு பழுப்புப் பொம்மைச் சட்டைகள் மேஜைமேல் கையை நீட்டிக்கொண்டு கிடந்தன.

"யே க்யா ஹுவா?" என்றார் தலைவியம்மா. என்ன ஆயிற்று இது.

சந்திரமதியின் முகம் வெளுத்தது. ஆனால் அவள் செயலாளர். ஊரின் பெயரைக் காப்பாற்ற அவளுக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. "லாஞ்சில் தண்ணீர் ஏறிவிட்டது மேடம், கடல்தண்ணீர்" என்று இந்தியில் சொன்னாள். லூர்துநாதன் செல்விக்குச் சொல்லிக்கொடுத்த அதே பொய், யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் வாயில் வந்தது.

"செராங் யார்?"

"செபஸ்தியான்."

தலைவியம்மாவுக்குக் கோபம் வந்தது. ஜவான்களின் பொருளை இப்படியா கொண்டுவருவது, துறைமுக அலுவலகத்தில் சொல்லி அந்த ஆளை லாஞ்சிலிருந்து இறக்கிவிடச் சொல்கிறேன் என்றார். பக்கத்திலிருந்தவரிடம் பெயரைத் திருப்பிச் சொல்லவும் செய்தார்.

நனைந்தால் என் தலையில் விடியும் என்று செபஸ்தியான் சொன்னது செல்வியின் காதில் இன்னும் இருந்தது. அவர் கொடுத்த தார்ப்பாய் நிழலும் நினைவில் இருந்தது.

"பானி நஹி மேம்சாப்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை; மறுபடி சொன்னாள். "பானி நஹி. ஹம் பகாயா."

தண்ணீர் இல்லை, நான்தான் சமைத்தேன். வேகவைத்தேன் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த இந்தி அதுதான். கூடத்தில் ஒருத்தி சிரித்தாள், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். செல்வி அண்டாவைக் கையால் வட்டமாகக் காட்டினாள், கம்பால் துழாவிக் காட்டினாள், சிவந்த நகங்களை நீட்டினாள். அவர்கள் இன்னும் சிரித்தார்கள். தலைவியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவரால் நம்ப முடியவில்லை. பனியில் பிறந்த யாரும் ஸ்வெட்டரைக் கொதிக்கவைக்கமாட்டார்கள். ஆகவே உலகத்தில் யாருமே கொதிக்கவைக்கமாட்டார்கள்.

"செராங் உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"பாய் ஜைசா." அண்ணன் மாதிரி.

தலைவியம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் முகம் இளகியது. ஒரு ஏழைப்பெண் தன் உறவுக்காரனின் வேலையைக் காப்பாற்ற, இல்லாத குற்றத்தைத் தலையில் போட்டுக்கொள்கிறாள். அவர் செல்வியின் தோளைத் தட்டினார். துறைமுகத்துக்குச் சொல்லவேண்டாம் என்றார். செல்வியின் கையிலிருந்த ஏழாவதை வாங்கி, விரித்து, தையலைத் தடவிப் பார்த்தார். அதைவிட நல்ல ஸ்வெட்டர் அந்த மேஜையில் வேறில்லை என்றார். பின்னியது யார் என்று கேட்டார்.

செல்வி சந்திரமதியைப் பார்த்தாள். சந்திரமதி மேஜையிலிருந்து ஒரு பழுப்புச் சட்டையை எடுத்து, கழுத்துத் தடிப்பை விரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோனாள். ஜெட்டியில் காயும் வலை வாசனை. பிறகு செல்வியின் நகங்களைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் அந்த இந்தி சரியாக விளங்கியது.

"இவள்தான்" என்றாள். "முழுக்க இவள்தான்."

திரும்பும் லாஞ்சில் சந்திரமதி இடது பக்கமும் செல்வி வலது பக்கமும் உட்கார்ந்தார்கள். செபஸ்தியானுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவர் அன்றைக்கு ஒன்றும் கேலி பேசவில்லை. லாங் ஐலண்டு தாண்டியபின் சந்திரமதி திரும்பினாள்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே. போகும்போதெல்லாம் எதிர்லதானே உக்காந்திருந்தேன்."

"வாய் வரலக்கா."

"அங்க அத்தனை பேர் முன்னாடி வந்துச்சே."

"அது அண்ணாச்சிக்காக வந்துட்டு. எனக்காக வரல."

சந்திரமதி மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் வரும்போது, "மத்த அஞ்சு வீட்டுக்கும் நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?" என்று கேட்டாள்.

செல்விதான் போனாள். ஒரு வீட்டுக்கு ஒன்றாக, அவரவருடையதைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். ஒரு வங்காளி வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் அழுதார்கள். தெலுங்குக்காரி சிரித்துவிட்டு, தன்னுடையதைச் சுடுபானை இறக்கும் துணியாக வைத்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்கு உழைத்தது. அந்த வகையில் பட்டைச் சாயம் தன் வேலையைச் செய்தது என்றுதான் சொல்லவேண்டும். மலையாளிப் பெண் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பாராட்டுத்தாள் மழைக்காலத்தில் வந்தது. லூர்துநாதன் சட்டம் போட்டு ஆணி அடித்தார். கழற்றச் சொன்னாள். "சர்க்காரு குடுத்தத எப்படிட்டி கழட்ட" என்றார். அவள் இரண்டுமுறை கழற்றிவைத்தாள், அவர் இரண்டுமுறை மாட்டினார். பிறகு விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து அதைப் படிக்கிறவர்களிடம் மட்டும், அடுப்படியிலிருந்தே, அதில் எழுதியிருப்பது சரியில்லை என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலானவர்கள் அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆரோக்கியசெல்வி செய்தது இதுதான்: மற்ற ஆறு பெண்கள் பின்னிய ஆறு ஸ்வெட்டர்களை யாரையும் கேட்காமல் கொதிக்கவைத்துக் கெடுத்தாள், ஏழாவதைச் சந்திரமதி ஒரு கை கொடுக்க லாஞ்சில் பின்னி முடித்தாள், தான்தான் கெடுத்தேன் என்று கூடத்திலும், பிறகு ஐந்து வீட்டு வாசலிலும் சொன்னாள்.